பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி

மார்ச் 3, திங்கள்

தம்பிக்கு,

எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. போகிறபோது வாசலில் நின்று நீதான் சொன்னாய்: "இனிமே எங்கிட்ட எதுவா இருந்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதுலதான் நீ கெட்டிக்காரி." அதனால் எழுதுகிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

விஷயம் சின்னது. சலவை ஆலையில், என் டெஸ்பாட்ச் மேசையில் நீ வைத்துக்கொடுத்த கணினி இன்னும் ஓடுகிறது. அதில் மெயில் புரோகிராமைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. போன புதன்கிழமைக்கு முன்னால் ஒருநாளும் கேட்டதில்லை. நீதான் அதிலேயே பதிய வைத்திருந்தாயே. இப்போது பழைய பாஸ்வேர்டைப் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு மறுபடியும் கேட்கிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி மூன்று தடவை போட்டேன். கேன்சல் அமுக்கினால் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து வந்து நிற்கிறது. காது கேட்காத மாமியார் மாதிரி, சொன்னதையே திரும்பக் கேட்கிறது.

மேலாளரிடம் கேட்கலாமே என்பாய். சாவிக்கொத்து என்று நாம் பெயர் வைத்தோமே, அவர் இன்னும் இடுப்பில் அந்தச் சாவிகளோடுதான் நடமாடுகிறார். "உன் மெயில் கொஞ்ச நாளைக்கு ஓடாதும்மா. ஆர்டரெல்லாம் நானே தாள்ல எடுத்து அனுப்புறேன்" என்று அவராகவே வந்து சொன்னார். அவரிடம் கேட்க எனக்கு மனமில்லை.

ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கணினியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதற்குமேல் கேட்காதே. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் வரிசையாக எழுது.

பாப்பா நன்றாகப் படிக்கிறாள். அத்தான் வீட்டில்தான் இருக்கிறார்.

அக்கா


மார்ச் 8, சனி

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்தையும் பார்த்தேன். அன்றைக்கு என்னைத் திருடன் என்று எழுதிய தாளில் போட்டதைவிடத் தெளிவாக இருக்கிறது.

கேட்டாய், சொல்கிறேன். இங்கே உதவி மையத்தில் ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். ஓர் அழைப்புக்கு நாலு நிமிடம். தாண்டினால் திரையில் என் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு விழும். மாதத்தில் இருபது சிவப்பு விழுந்தால் வெளியே. பாஸ்வேர்டு தொலைத்துவிட்டுக் கூப்பிடுகிறவர்களில் சிலர் அழுவார்கள். அழுகையும் அந்த நாலு நிமிடத்துக்குள்தான்.

முதலில் கீபோர்டில் பெரிய எழுத்து விளக்கு எரிகிறதா பார். எரிந்தால் அணை. அடுத்து, செட்டிங்ஸுக்குள் சேமித்த பாஸ்வேர்டுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருக்கும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக அடித்துப் பார். அதற்கும் மசியவில்லையென்றால், சர்வர் பெயரில் யாராவது கைவைத்து ஓர் எழுத்து மாறியிருக்கிறதா பார்.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்டால், பாஸ்வேர்டையே மாற்றியிருக்கிறார்கள். வேறு யார், சாவிக்கொத்துதான். மனமிருக்கிறதோ இல்லையோ, போய்ப் புதியதை வாங்கு. வாங்கியதும் புரோகிராமில் இருக்கிற கணக்கை முழுவதும் நீக்கிவிட்டு, முதலிலிருந்து சேர். நீக்கும்போது "இதிலுள்ள தகவலையும் அழிக்கவா?" என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கு. பழைய குப்பை கிடந்தால் மறுபடியும் கேட்டுத் தொலைக்கும். பயப்படாதே, மெயிலெல்லாம் சர்வரிலிருந்து தானாக இறங்கிவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு இதோடு தீர்ந்துவிடுகிறது.

அதற்குமேல் கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் விட்டுப்போய்விட்டது.

அத்தான் வீட்டில்தான் இருக்கிறார் என்றால் என்ன? தேதியில் திங்கள் என்று இருக்கிறதே?

தம்பி


மார்ச் 12, புதன்

தம்பிக்கு,

திங்கள்தான். ஒரு மாதமாக எல்லாக் கிழமையும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்.

மறைத்துக்கொண்டு உதவி கேட்பது சரியில்லை என்று அவரே சொன்னார். "கூடப் பொறந்தவன்கிட்ட என்னடி கௌரவம்? சொல்லித் தொலை" என்றார். சொல்கிறேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி காலை ஷிப்டில் இரண்டாம் இஸ்திரி ரோலரில் அவர் வலது கை மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது. ஈர விரிப்பை ரோலர் உள்ளே இழுக்கிற இடத்தில், கை போகாமல் தடுக்க ஒரு தகடு உண்டே, அது அங்கே இல்லை. தகடு இருந்தால் விரிப்பு சிக்குகிறது, மணிக்கு முப்பது விரிப்பு குறைகிறது என்று கழற்றச் சொன்னவர் சாவிக்கொத்து. மருத்துவமனைக்குப் போக வேண்டிய சலவை விரிப்பில் ஒன்றை உருவி, அதில் கையைச் சுற்றித்தான் அவரை அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அந்த மூட்டையில் ஒரு விரிப்பு குறைகிறது என்று எனக்குத்தான் விளக்கம் கேட்டு எழுதினார்கள்.

தகடு கழன்றது எங்களுக்குத் தெரியாது, அவரே கழற்றியிருப்பார், யாரும் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று ஆலை சொல்கிறது. நஷ்ட ஈடு இல்லை, வேறு வேலையும் இல்லை.

தெரிவித்தோம். மூன்று தடவை. அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் என் மேசையிலிருந்து அடித்து அனுப்பினேன். ஜனவரி 9, ஜனவரி 21, பிப்ரவரி 2. மேலாளருக்கும் முதலாளிக்கும். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் மார்ச் 28 விசாரணை. அங்கே குமாஸ்தா ஒருவர் சொன்னார்: "பிரிண்ட் எடுத்துட்டு வராதீங்கம்மா. பொய்யா அடிச்சதுன்னு அவங்க வக்கீல் சொல்லுவாரு. அந்த மெயிலையே, அனுப்பின தேதி நேரத்தோட, அப்படியே எங்க விலாசத்துக்குத் திருப்பி விடுங்க." திருப்பி விடத்தான் பாஸ்வேர்டு வேண்டும். விசாரணை நோட்டீஸ் ஆலைக்கு வந்தது பிப்ரவரி 25. மறுநாள் காலையிலிருந்து அந்தப் பெட்டி.

நீ எழுதியதில் முதல் மூன்றையும் செய்து பார்த்தேன். போகவில்லை. ஆனால் கேன்சல் அமுக்கினால் பழைய மெயிலெல்லாம் அப்படியே இருக்கின்றன. அனுப்பியவை என்ற பகுதியில் மூன்றும் இருக்கின்றன. திறந்து படித்துவிட்டு மூடினேன். வெளியே அனுப்ப மட்டும்தான் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாவிக்கொத்திடம் புது பாஸ்வேர்டைக் கேட்கப் போகிறேன். பிறகு நீ சொன்னபடியே நீக்கிவிட்டுச் சேர்த்து, மூன்றையும் அனுப்பிவிடுவேன்.

முன்பே சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்ல?

அக்கா


மார்ச் 16, ஞாயிறு

அக்காவுக்கு,

நேற்று வேலை முடிந்து வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். கேன்சல் அமுக்கினால் மூன்றும் இருக்கின்றன என்ற வரிக்கு வந்ததும் ஃபோனை எடுத்தேன். எட்டு மாதம் கழித்து உன் குரல். "செஞ்சிட்டியா?" என்றேன். "நேத்தே செஞ்சு முடிச்சிட்டேன்டா. ஆனா அந்த மூணை மட்டும் காணோம். எங்க போயிருக்கும்?" என்றாய். நான் வைத்துவிட்டேன். உன்மேல் கோபத்தில் வைக்கவில்லை.

எங்கே போயிருக்கும் என்று இப்போது சொல்கிறேன்.

ஒரு மெயில் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று எங்கோ இருக்கிற சர்வரில். இன்னொன்று உன் மேசைக் கணினியில். இரண்டும் பேசிக்கொள்ளும்போது, சர்வரில் என்ன இருக்கிறதோ அதுதான் உன் கணினியிலும் இருக்கும். நோட்டீஸ் வந்த அன்றே சாவிக்கொத்து சர்வரில் அந்த மூன்றையும் அழித்திருக்கிறான். நீ உள்ளே வரக் கூடாது என்று பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாஸ்வேர்டு தப்பாக இருந்ததால் உன் கணினியால் சர்வரோடு பேச முடியவில்லை. பேச முடியாததால் அழித்த செய்தி உன் கணினிக்கு வரவே இல்லை. உன் பிரதி பத்திரமாக இருந்தது. மாமியார் என்றாயே, அந்தப் பெட்டி பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கதவைத் திறக்கச் சொன்னவன் நான். உள்ளே இருப்பதையும் அழி என்று சொன்னவனும் நான். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்த மூன்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள் என்று எழுதியிருக்க வேண்டும். "எதுக்குக்கா கேக்குற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். எங்கள் மையத்தில் அந்தக் கேள்வி கிடையாது. கேட்டால் அவர்கள் கதை சொல்வார்கள், கதை சொன்னால் சிவப்பு விழும். உன்னையும் அன்றைய அறுபத்தோராவது அழைப்பாக முடித்துவிட்டேன். உன்னைக் குத்திக்காட்ட மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

இனிச் செய்ய வேண்டியது: அந்தக் கணினியை யாரும் இயக்கக் கூடாது. அழித்த கோப்பு உடனே போய்விடாது. அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை அடியில் கிடக்கும். தோண்டி எடுக்க வழி இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக மின் கம்பியைப் பிடுங்கிவிடு. இந்தக் கடிதம் நாளைக் காலைக்குள் வராது என்பது எழுதும்போதே தெரிகிறது. ஃபோன் செய்ய நாலு தடவை எடுத்தேன். அத்தான் எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று வைத்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 20, வியாழன்

தம்பிக்கு,

நீ ஃபோனில் சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நான் போனபோதே மேசையில் புதுக் கணினி இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "பழசு ரொம்ப மெதுவா இருந்துச்சும்மா, பாவம் நீ எத்தனை நாள் கஷ்டப்படுவே" என்றார் சாவிக்கொத்து. பதினோரு வருடத்தில் என் கஷ்டத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமையே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டதும் மறுப்பார், ஏன் எதற்கு என்று குடைவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுத் தாளில் எழுதி, படித்தும் காட்டினார். நான் வந்து நீக்கினேன். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். சேர்த்தேன். மெயில் எல்லாம் மளமளவென்று இறங்கின. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். விரிப்பு எத்தனை, தலையணை உறை எத்தனை என்று ஐந்து வருடக் கணக்கு இறங்கியது. ஜனவரி 8 இருந்தது. ஜனவரி 10 இருந்தது. 9 இல்லை. சர்வர் மெதுவாக அனுப்புகிறது போல என்று ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் கேட்காதே என்று எழுதியதும் நான்தான்.

அந்தத் தாளைப் பற்றி நீ முதல் கடிதத்திலேயே குத்தினாய். ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். ஓவர்டைம் பற்றி நீ ஆலை பிரிண்டரில் நோட்டீஸ் அடித்து ஒட்டினாய். அதற்காக வெளியே அனுப்பினால் ஆட்கள் கூடிவிடுவார்கள் என்று, வாடிக்கையாளர் பட்டியலை வெளியே விற்றாய் என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "உன் வேலை, உன் வீட்டுக்காரர் வேலை, ரெண்டையும் யோசிச்சுக்கோ" என்றார் சாவிக்கொத்து. யோசித்தேன். போட்டேன். எந்த வேலைக்காகப் போட்டேனோ அந்த வேலையில்தான் அவர் கை போனது.

28ஆம் தேதி நான் வாயால் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அவர் வேண்டாம் என்கிறார். "எனக்குக் கை போச்சு. உனக்கு வேலை போகணுமா? பாப்பா ஸ்கூலுக்குப் போகணும்ல?" என்கிறார். இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லாடிக்கொண்டே இதைச் சொல்கிறார். உதவப் போனால் கத்துகிறார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. இந்தத் தடவை கேட்டுவிட்டு எழுது.

அக்கா


மார்ச் 24, திங்கள்

அக்காவுக்கு,

கேட்கிறேன். பேசினால் உன் வேலை போகும், தெரியுமா? பேசாவிட்டால் அத்தானே தகட்டைக் கழற்றினார் என்று எழுதி முடித்துவிடுவார்கள், அதுவும் தெரியுமா? இரண்டும் தெரிந்துதான் என்னிடம் கேட்கிறாய். நான் பேசு என்று சொன்னால் அது வெளியூரில் உட்கார்ந்திருப்பவன் வீரம். அதனால் சொல்ல மாட்டேன்.

நானே வந்து, நான் சொல்லித்தான் அழிந்தது என்று விசாரணையில் சொல்லலாம் என்று நினைத்தேன். இன்று விடுப்புக் கேட்டேன். மேற்பார்வையாளர், "மாசக் கடைசியில லீவா? உங்க அக்கா புருஷனுக்குத்தானே விரல் போச்சு? உனக்கு இருக்குல்ல? போய் டைப் பண்ணு" என்றான். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் போய் உட்கார்ந்து டைப் செய்தேன். பதினெட்டு சிவப்பு இருக்கிறது. வாடகைக்கு வேறு வழியில்லை. ஓவர்டைமுக்கு நோட்டீஸ் ஒட்டிய அதே ஆள்தான் நான்.

திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தபோது, தாளைப் பற்றி உன்னிடம் இனிக் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

நடந்ததை எல்லாம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். என்ன சொன்னேன், ஏன் அது தவறு, பெட்டி எதற்காக வந்தது, எல்லாம். தேவைப்பட்டால் கொடு. ஆள் வருகிற மாதிரி ஆகாது. தெரியும்.

தம்பி


மார்ச் 31, திங்கள்

தம்பிக்கு,

போனேன். அவர் கூடவே வந்தார். உள்ளே போகும்வரை "வேண்டாம்" என்றார். உள்ளே போனபிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பச்சைப் பெயின்ட் அடித்த அறை. அதிகாரிக்கு ஒரு மேசை, எங்களுக்கு ஒரு பெஞ்சு. ஆலைக்காரர்களுக்கு நாற்காலி. உன் தாளைக் கொடுத்தேன். அவர்கள் வக்கீல் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஆள் வரலியா? தாள் மட்டும்தான் வந்துச்சா?" என்று மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"மெயில் போட்டேங்கறீங்க. எங்கம்மா அது?"

"அழிஞ்சுருச்சு."

"யார் அழிச்சா?"

"நான்தான்."

"நீங்களே போட்டீங்க, நீங்களே அழிச்சீங்க. நல்ல கதை. அழிக்கச் சொன்னது?"

"என் தம்பி."

"பட்டியலத் திருடி வித்தான்னு வெளிய போனவன்தானே? அதுக்குச் சாட்சிக் கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தான். அவன் திருடல. பொய்யா போட்டேன்."

"ஓ! அப்ப நீங்க பொய் சொல்லுவீங்க?"

"அன்னைக்கு வேலை போகக் கூடாதுன்னு சொன்னேன் சார். இன்னைக்குச் சொல்றதுக்கு வேலை போகும்."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். மெயிலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். மூன்றையும் சொன்னேன். அடித்தவளுக்கு மறக்குமா? முதல் மெயிலில் தகடு என்பதைத் தவறாக அடித்துவிட்டு அப்படியே அனுப்பியதைக்கூடச் சொன்னேன். வக்கீல் சிரித்தார். நன்றாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறாள் என்றார்.

பிறகு ஆலைத் தரப்புச் சாட்சி. மடிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். நாங்கள் சைலன்சர் என்று கூப்பிடுவோம். ஒன்பது வருடத்தில் அவள் ஒன்பது வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். தகடு ரோலரில்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் பாடம். அவள் என்னைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். நான்கு விரல் இல்லாத கையை அவர் மடிமீது வைத்திருந்தார்.

"தகடு ரோலர்ல இல்ல சார்" என்றாள். "செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. ரோலர் பக்கம்கிறதால நல்ல சூடு. ரெண்டு மாசமா என் கைத்துணிய அதுமேலதான் காயப்போட்டேன். இவரு கை போன அன்னைக்கும் அதுமேல என் துணி இருந்துச்சு."

சாவிக்கொத்து எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள்.

முடிவு ஒன்றும் வரவில்லை. அடுத்த விசாரணை ஏப்ரல் 17. பாஸ்வேர்டு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, பழைய கணினி எங்கே என்று எழுத்தில் பதில் தரச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. தருவார்களா, என்ன தருவார்கள் என்று தெரியாது. நீ வர வேண்டாம். நீ வந்தால் இதை உன்னைப் பற்றிய வழக்காக மாற்றிவிடுவார்கள். உன் வேலையையும் விட்டுவிடாதே. இந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் வேலையில்லாமல் இருக்கிறோம்.

சனிக்கிழமை காலை கேட்டில் காவலாளி என்னையும் சைலன்சரையும் நிறுத்திவிட்டார். "ரெண்டு பேரையும் உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு." எழுத்தில் இருக்கிறதா என்றேன். "வாயால சொன்னாங்கம்மா. எம் பொழப்பக் கெடுக்காதீங்க" என்றார். தொழிலாளர் அலுவலகத்துக் குமாஸ்தாவிடம் கேட்டேன். வாயால் சொன்னால் நீக்கியதாக ஆகாதாம். நாங்கள் வராமல் இருந்துவிட்டால், தாங்களாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள் என்று ஆலைக்காரர்கள் எழுதிவிடுவார்களாம். அதனால் தினமும் ஷிப்ட் நேரத்துக்குப் போய் நின்று, உள்ளே விடவில்லை என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

இன்று காலையும் நின்றோம். ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். எட்டு மணிக்குக் கிளம்பும்போது சைலன்சர் கேட்டாள்:

"நாளைக்கும் வரணுமா?"

"வரணும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வாக்கா. நீ வர்றதுக்கு முன்னாடி நான் தனியா நின்னப்ப ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. ரெண்டு பேரா நின்னா பாக்குறாங்க."

நாளை ஆறேகாலுக்கே போகிறேன்.

அக்கா